நாயோடு வேன் பயணம்: புதுச்சேரி, கடலூர் பக்கம் வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள கேரவனில் வீட்டு நாயையும் ஏற்றிக்கொண்டு ஊசுட்டேரி, கழுவெளி, பிச்சாவரம், வீராணம் என்று சுற்ற நினைக்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். ஹோட்டலில் நாயை அனுமதிப்பதில்லை, வீட்டில் விட்டுவரவும் மனசு இல்லை. அப்படிப்பட்டவர்கள் கேட்கிற கேள்விகளுக்கு இந்தப் பக்கத்து நிலவரத்தை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது நாய்க்கும் பறவைக்கும் இரண்டுக்குமே நல்லதாக முடிய வேண்டிய பயணம். சில பதில்கள் கொஞ்சம் கண்டிப்பாகத் தெரிந்தால் காரணம் அதுதான்.

எந்த மாதத்தில் வரலாம்?

ஜனவரி பாதியிலிருந்து பிப்ரவரி முடிய. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகள் நிரம்பிக் கிடக்கும், வலசைப் பறவைகள் இருக்கும், இரவில் வேனுக்குள் மின்விசிறி மட்டும் போதும். மார்ச்சில் பகல் சூடு ஏற ஆரம்பித்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் நாயோடு வேனில் வர வேண்டாம். கத்திரி வெயிலில் நமக்கே தாங்காது, உடம்பெல்லாம் ரோமம் உள்ள பிராணிக்கு எப்படித் தாங்கும்?

ஜனவரி, பிப்ரவரியிலும் இரண்டு தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். காணும் பொங்கலன்று கடலூர் சில்வர் பீச்சில் கால் வைக்க இடம் இருக்காது. மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் சுற்றுவட்டாரச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும். மேளம், வெடி, கூட்டம். பார்க்க வேண்டிய திருவிழாதான், ஆனால் நாயோடு இல்லை.

கேரவன் நிறுத்தி இரவு தங்க இங்கே தனி முகாம் இடங்கள் இருக்கின்றனவா?

மின்சார இணைப்பு, தண்ணீர்க் குழாய், கழிவு வடிகால் எல்லாம் வரிசையாக வைத்திருக்கிற வெளிநாட்டு பாணி முகாமை எதிர்பார்த்து வராதீர்கள். இங்கே நடைமுறையில் மூன்று வழிதான். முதலாவது, தோட்டத்தோடு கூடிய தங்கும் விடுதி அல்லது பண்ணை வீடு. ஆரோவில்லைச் சுற்றியும் மரக்காணம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் இப்படி நிறைய உண்டு. அறை வேண்டாம், வளாகத்துக்குள் வண்டியை நிறுத்திக்கொள்கிறோம், கழிப்பறையும் ஒரு பிளக் பாயின்ட்டும் கொடுங்கள் என்று முன்கூட்டியே போனில் பேசினால் பலர் ஒரு தொகைக்கு ஒத்துக்கொள்வார்கள். நாய் இருப்பதை அந்த முதல் போனிலேயே சொல்லிவிட வேண்டும். வாசலில் வந்து நின்று சொல்வது சரியில்லை.

இரண்டாவது, தெரிந்தவர்களின் தோப்பு. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு, கடலோரத்தில் சவுக்குத் தோப்பு. காலியாகக் கிடப்பதுபோலத் தெரியும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. கேட்டுவிட்டு நிறுத்துங்கள். சவுக்கு மிலார் தரையில் மெத்தையாக உதிர்ந்து காய்ந்து கிடக்கும். ஒரு தீப்பொறி போதும், தோப்பே போய்விடும். அங்கே வெளியில் அடுப்பு மூட்டவே கூடாது.

மூன்றாவது, நெடுஞ்சாலையோரத்துப் பெரிய பெட்ரோல் பங்க். அவசரத்துக்கு ஒரு ராத்திரி கழிக்கலாம். லாரி வந்து போகிற சத்தத்தில் நாய் தூங்காது, நீங்களும் தூங்க மாட்டீர்கள்.

மீனவர் குப்பங்களை ஒட்டிய கடற்கரையில் ஊர்க்காரர்களிடம் கேட்காமல் இரவு வண்டியை நிறுத்தாதீர்கள். படகும் வலையும் அவர்கள் பிழைப்பு. அதற்கு நடுவில் முன்பின் தெரியாத வண்டி ராத்திரி நின்றால் யாருக்கும் சங்கடமாகத்தான் இருக்கும்.

வாடகை வண்டியா, சொந்த வண்டியா?

முதல் தடவை என்றால் வாடகைதான் நல்லது. நாய்க்கு வண்டி ஒத்துக்கொள்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். வாடகைக்கு எடுக்கும்போது இருக்கை கடித்தால், ரோமம் ஒட்டினால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிற மாநில வண்டியானால் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் பர்மிட் இருக்கிறதா என்று பாருங்கள்.

சொந்த வேனை கேரவனாக மாற்ற நினைத்தால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும். பதிவுச் சான்றில் உள்ள அமைப்பை மாற்றுவதானால் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். சின்ன வேனின் பின்னால் மெத்தை, திரை, கழற்றி வைக்கக்கூடிய பலகை என்று போட்டுக்கொண்டு சிக்கல் இல்லாமல் சுற்றுகிறவர்கள் பலர். இரண்டு பேர், ஒரு நாய் என்றால் அது தாராளமாகப் போதும். இன்னொரு விஷயம், பெரிய வண்டியைப் புதுச்சேரி ஒயிட் டவுன் தெருக்களுக்குள் கொண்டுபோகாதீர்கள். ஒருவழிப் பாதை, குறுகின திருப்பம். கடற்கரைச் சாலையை மாலையில் வண்டிகளுக்கு மூடிவிடுவார்கள். ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆட்டோவில் போய் வாருங்கள்.

பறவைகள் சரணாலயத்துக்குள் நாயைக் கூட்டிப்போகலாமா?

கூடாது. கயிறு கட்டிக் கையில் பிடித்துக்கொண்டாலும் கூடாது.

கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலருக்கு இது அநியாயமாகப் படுகிறது. ஊசுட்டேரி புதுச்சேரிக்கும் விழுப்புரம் மாவட்டத்துக்கும் நடுவில் கிடக்கிறது. புதுச்சேரிப் பக்கம் 2008-ல் சரணாலயமானது, பிறகு தமிழ்நாட்டுப் பக்கமும் ஆனது. மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. சரணாலயத்துக்குள் யார், எதற்காக நுழையலாம் என்பதை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 வரையறுத்திருக்கிறது. ஆனால் சட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டே யோசித்துப் பாருங்கள். ஊசிவால் வாத்து பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து இங்கே வந்து சேர்கிறது. திரும்பிப் போவதற்கான கொழுப்பை இந்த இரண்டு மூன்று மாதத்தில் மேய்ந்துதான் சேர்த்தாக வேண்டும். கரையில் ஒரு நாய் தெரிந்தால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். ஒவ்வொரு தடவை எழும்புவதிலும் சேர்த்த சக்தி கரைகிறது. மனிதன் மட்டும் நடந்து போனால் விலகி உட்காரும் பறவை, நாயைப் பார்த்தால் விலகுவதில்லை, பறந்தே போய்விடுகிறது. அதன் கண்ணுக்கு உங்கள் செல்லப்பிள்ளை ஒரு வேட்டை மிருகம்தான்.

நோய் இன்னொரு காரணம். நாய்களுக்கு வருகிற டிஸ்டெம்பர் வைரஸ் நரிக்கும் பரவும். தடுப்பூசி போட்ட உங்கள் நாயால் ஆபத்து குறைவுதான், ஆனால் காவலர் வாசலில் நின்று ஒவ்வொரு நாயின் ஊசி அட்டையையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அப்படியானால் எப்படிப் பார்ப்பது? முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பைனாகுலரோடு உள்ளே போகட்டும், மற்றவர் நாயோடு வண்டியருகில் நிழலில் இருக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, புள்ளிமூக்கு வாத்து, நாமக்கோழி எல்லாவற்றையும் இரண்டு பேருமே பார்த்துவிடலாம். கழுவெளியை ஒட்டிய மரக்காணம் உப்பளங்களில் அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரை கூட்டமாக நிற்கும், வண்டியை விட்டு இறங்காமல் தூரத்திலிருந்தே தெரியும். உப்பள வரப்பில் நாயை நடக்க விடாதீர்கள். பாத்தியில் கெட்டியாக நிற்கிற உப்பு நீர், பாதத்தில் கீறல் இருந்தால் எரித்தெடுக்கும். அதோடு அது உப்பளத் தொழிலாளர்கள் வேலை செய்யும் இடம்.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே பார்க்க வேண்டும். நாயை வேனில் விட்டுவிட்டுப் போகலாமா, ஏ.சி. போட்டுவிட்டு?

இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்பப் பயம் தருவது. வெளியே 32 டிகிரி என்றால் கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் அரை மணி நேரத்தில் 50 டிகிரியை நெருங்கிவிடும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் வராது. நாய் நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது, இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். உள்ளே இழுக்கிற காற்றே கொதிக்கும்போது இரைத்தும் பயனில்லை.

ஏ.சி. கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட், 200 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் இருப்பது 2,400 வாட் ஹவர். சின்ன ஏ.சி. சுமார் 1,000 வாட் இழுக்கும். இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அது நின்றுபோனதை உங்களிடம் வந்து சொல்ல ஆள் கிடையாது. இன்ஜினை ஓடவிட்டுப் போவதும் அதே கதை, அணைந்தால் அணைந்ததுதான். ஜெனரேட்டர் வைத்திருந்தால் புகை உள்ளே வராமல் பார்க்க வேண்டும், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ஆகவே, பகலில் யாராவது ஒருவர் நாயோடு இருந்தே ஆக வேண்டும். இரவில் 30 வாட் மின்விசிறி ஒன்றை விடிய விடிய ஓட்டினாலும் பேட்டரிக்குப் பாரமில்லை. வலைக்கதவு மட்டும் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் கொசு பிடுங்கிவிடும்.

நாய் தள்ளாடினால், ஈறு செக்கச் செவேலென்று ஆனால், கெட்டியாக எச்சில் வடிந்தால் வெப்பத்தாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39 டிகிரி வரை. 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நிழலுக்குத் தூக்கிப்போய், சாதாரணக் குழாய்த் தண்ணீரை வயிறு, தொடை, பாதம் எல்லாம் ஊற்றி, விசிறிக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள். பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு இது சீக்கிரம் வரும்.

பிச்சாவரம் படகில் நாயை ஏற்றலாமா?

ஏற்ற முடியாது என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். அனுமதி கிடைத்தாலும் நான் ஏற்ற மாட்டேன். துடுப்புப் படகு போகிற குறுகலான வாய்க்கால்களில் சுரபுன்னையின் வேர்கள் தலைக்கு மேல் வளைந்து தொங்கும். கொக்கோ நண்டோ அசைந்தால் நாய் துள்ளும், படகு ஆடும். கரையோரச் சேற்றில் வெண்கண்டல் மரத்தின் மூச்சு வேர்கள் ஈட்டிபோல நட்டுக்கொண்டு நிற்கும், குதிக்கிற நாயின் பாதத்தைக் கிழித்துவிடும்.

ஆனாலும் பிச்சாவரத்தை விட்டுவிடாதீர்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் சுமார் 1,100 ஹெக்டேரில் விரிந்த அலையாத்திக் காடு அது, 2022-ல் ராம்சர் இடமானது. 2004 சுனாமியின்போது இந்தக் காடு பின்னால் இருந்த குடியிருப்புகளுக்கு அரணாக நின்றதை அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். காலையில் சீக்கிரம் போய், முறை வைத்துப் படகேறுங்கள். வெயில் ஏறினால் படகில் போகிறவருக்கும் கஷ்டம், கரையில் நாயோடு காத்திருக்கிறவருக்கும் கஷ்டம். சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கி.மீ. தூரம்தான், ஆகவே முந்தின இரவு சிதம்பரம் பக்கம் தங்கிவிடுவது வசதி.

கடற்கரையில் அவிழ்த்துவிட்டு ஓட விடலாமா?

எல்லாருக்கும் ஆசை இதுதான். நாய்க்கும் மணலைக் கண்டால் பைத்தியம் பிடித்துவிடும். நீளமான கயிறு கட்டி, விடிந்த பிறகு, ஆள் குறைவான இடத்தில் ஓட்டுங்கள். அவிழ்த்துவிட வேண்டாம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கண்டிப்பாக வேண்டாம்.

அந்த மாதங்களில்தான் பங்குனி ஆமைகள் இந்தக் கரைகளில் ஏறி முட்டையிடுகின்றன. ராத்திரியில் தாய் ஆமை மெல்ல ஏறி வந்து, குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு மூடிவிட்டுப் போய்விடும். பொரிய 45 நாளுக்கு மேல் ஆகும். மணலுக்கு அடியில் இருப்பதை நம்மால் கண்டுபிடிக்க முடியாது, நாயின் மூக்கு நொடியில் கண்டுபிடிக்கும். ஐந்து நிமிடம் தோண்டினால் ஒரு கூடு முழுக்கப் போய்விடும். வனத்துறையும் தன்னார்வலர்களும் ராத்திரி ராத்திரியாகக் கரையில் நடந்து, முட்டைகளை எடுத்து வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்துவைக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படாமல் போன கூடுதான் நாயிடம் மாட்டும். நீங்கள் நடக்கும்போது கரையில் டிராக்டர் டயர் தடம்போல இரண்டு பக்கமும் கோடு போட்ட தடத்தைப் பார்த்தால், நாயை உடனே விலக்கிக் கூட்டிப்போங்கள். வனத்துறைக்கும் தகவல் சொல்லுங்கள்.

இன்னொன்று, வேனின் விளக்கு. முட்டையிலிருந்து வெளியே வருகிற குஞ்சுகள் வெளிச்சமாகத் தெரியும் பக்கம் நகரும். கடல்மேல் விழும் வானத்து ஒளிதான் அவற்றுக்கு வழிகாட்டி. கரையை ஒட்டி நிறுத்திய வேனில் வெள்ளை விளக்கை எரியவிட்டால் குஞ்சுகள் கடலுக்குப் போகாமல் வேனைத் தேடி வரும். கடலைப் பார்த்த பக்கம் திரை போட்டுவிடுங்கள், வெளிவிளக்கை அணைத்துவிடுங்கள்.

நாய்க்கும் கடற்கரையில் ஆபத்துகள் உண்டு. வலையில் சிக்கின பேத்தை மீனை மீனவர்கள் கரையிலேயே வீசிவிட்டுப் போவார்கள். பந்துபோல ஊதிக் கிடக்கும். அதன் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது, ஒன்றைக் கடித்துத் தின்றாலே நாய் செத்துவிடலாம். கெளுத்தி முள், அறுந்த தூண்டில் முள், கண்ணாடித் துண்டு, கரை ஒதுங்கிய சொறி மீன் என்று பட்டியல் நீளம். தாகத்தில் கடல் தண்ணீரைக் குடித்துவிட்டு வாந்தி, பேதி என்று அவதிப்படுகிற நாய்களும் உண்டு. கையில் நல்ல தண்ணீர் இல்லாமல் மணலில் இறங்காதீர்கள். திரும்பி வந்ததும் உப்பும் மணலும் போகக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்துவிடுங்கள்.

பிறகு எங்கேதான் எங்கள் நாய் சந்தோஷமாக இருக்கும்?

நிறைய இடம் இருக்கிறது. சரணாலய எல்லைக்குள் வராத ஏரிக்கரைகளில் காலை நடை அருமையாக இருக்கும். வீராணம் ஏரிக்கரை சாலையில் ஒரு பக்கம் கடல்போலத் தண்ணீர், மறு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். சோழர் காலத்து ஏரி, பத்தாம் நூற்றாண்டில் வெட்டியது. கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வந்து இன்றைக்குச் சென்னைக்குக் குடிநீராகப் போகிறது. வண்டிகள் ஓடுகிற சாலை, ஆகவே கயிறு கையை விட்டுப் போகக் கூடாது. ஏரித் தண்ணீரில் நாயை இறக்கிக் குளிப்பாட்டாதீர்கள், ஊர் குடிக்கிற தண்ணீர்.

பொம்மையார்பாளையம் பக்கத்து செம்மண் மேடுகளும் ஆரோவில் சுற்றுப்பாதைகளும் நடக்க நன்றாக இருக்கும். மழை அரித்த ஓடைச் சரிவுகளின் விளிம்புக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். நெல் அறுத்த வயலில் சொந்தக்காரரைக் கேட்டுவிட்டு நீளக் கயிற்றில் ஓட்டலாம். புதிதாக மருந்தடித்த வயல் பக்கம் வேண்டாம்.

திருவக்கரை கல்மரப் பூங்காவைக் கேட்பவர்கள் உண்டு. சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கும் இடம், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை பாதுகாக்கிறது. அங்கேயும் முறை வைத்துப் பார்ப்பதுதான் வழி. பௌர்ணமி அன்று வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் பெரிய வண்டியைத் திருப்பக்கூட முடியாது, அந்த நாளைத் தவிருங்கள்.

உண்மையில் நாய்க்கு இடம் பெரிய விஷயமே இல்லை. புது வாசனை, பக்கத்தில் நீங்கள், மாலையில் வேன் நிழலில் ஒரு சாக்கு. அதற்கு அதுவே பெரிய சுற்றுலா.

எங்களுடையது சிப்பிப்பாறை. கயிற்றில் அடங்குமா?

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை இனங்கள். வயல்வெளியில் முயலோ கீரியோ ஓடினால் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் விழாது. இங்கே ஒரு சட்ட விஷயமும் இருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வது மட்டுமில்லை, நாயை விட்டுத் துரத்துவதும் வேட்டைதான். நாய்களை விட்டு முயல் பிடித்தவர்கள் மீது தமிழ்நாட்டில் வனத்துறை வழக்குப் போடுவது வழக்கமான செய்தி. நம் நாட்டு நாய்களை வளர்ப்பது பெருமையான விஷயம், அதனாலேயே அவற்றைக் கெட்ட பெயர் வாங்க விடக்கூடாது. கழுத்துப்பட்டையை மெலிந்த தலையிலிருந்து உருவிக்கொண்டு ஓடிவிடும், மார்போடு கட்டுகிற ஹார்னஸ் போடுங்கள். வண்டி ஓடும்போதும் அதே ஹார்னஸை சீட் பெல்ட்டில் மாட்டிவிடலாம்.

தெருநாய்கள் சூழ்ந்துகொண்டால்?

ஓடாதீர்கள். நாயின் கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு, நேருக்கு நேர் முறைக்காமல், வந்த வழியே மெல்ல நகருங்கள். பெரும்பாலும் எல்லை தாண்டியதும் விட்டுவிடும். வேன் பக்கத்தில் மீதிச் சோற்றைக் கொட்டினால் ராத்திரி முழுக்க அங்கேதான் நிற்கும், உங்கள் நாய் விடிய விடியக் குரைக்கும்.

கிளம்பும் முன் என்னென்ன ஊசி, மருந்து?

ரேபிஸ் ஊசி நடப்பில் இருக்க வேண்டும். டிஸ்டெம்பர், பார்வோ, லெப்டோஸ்பைரோசிஸ் எல்லாம் சேர்ந்த கூட்டு ஊசியும் வேண்டும். எலி மூத்திரம் கலந்த தேங்கின தண்ணீரால் லெப்டோ வரும், மழை முடிந்த மாதங்களில் வயல்வெளியெல்லாம் அப்படித்தான் இருக்கும். ஊசி போட்டு உடனே கிளம்பாமல் இரண்டு வாரமாவது முன்னதாகப் போட்டுவிடுங்கள். ஊசி அட்டையைப் போனில் படம் எடுத்து வைத்தாலும் அசலையும் வண்டியில் வையுங்கள்.

உண்ணியை லேசாக எண்ணாதீர்கள். புல்லிலும் பழைய மாட்டுக் கொட்டகைப் பக்கமும் ஏறிக்கொள்ளும். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் முதலில் சாப்பாட்டை வெறுக்கும், சோர்ந்து படுக்கும், சில சமயம் மூக்கில் ரத்தம் வரும். பயணத்துக்கு முன்பே டாக்டர் சொல்கிற உண்ணி மாத்திரையைக் கொடுத்துவிட்டு, தினமும் ராத்திரி காது மடல், விரலிடுக்கு, வால் அடி மூன்றையும் தடவிப் பாருங்கள். ஊருக்குத் திரும்பி இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், இந்தப் பயணத்தை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பாம்பு கடித்தால் என்ன செய்வது? பக்கத்தில் மருத்துவமனை எங்கே?

நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன் எல்லாம் இந்த வயல் பிரதேசத்தில் உண்டு. கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள், மனிதர்களுக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும் போடுவார்கள். எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது.

புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கடலூரிலும் சிதம்பரத்திலும் அரசு கால்நடை மருத்துவமனைகள் உண்டு. தமிழ்நாட்டில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண். தங்குகிற ஒவ்வொரு ஊரிலும் ராத்திரியில் போன் எடுக்கும் டாக்டர் ஒருவரின் எண்ணைப் பகலிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மருந்து இருப்பு உண்டா என்று போகும் வழியிலேயே போனில் கேட்டுவிட்டால் அலைச்சல் மிச்சம். இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் நாயை மூத்திரத்துக்குக்கூட இறக்க வேண்டாம்.

சாப்பாடு, தண்ணீர்?

வீட்டில் சாப்பிடுவதையே கொடுங்கள். பயணத்தில் புதிதாக எதையும் ஆரம்பிக்காதீர்கள். கிலோவுக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் என்பது பொதுக் கணக்கு. 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூட. வெயிலில் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிட்டால் வண்டியில் வாந்தி எடுக்காது. வழியில் பிரியாணி எலும்பு, வெங்காயம் கிடக்கிற குழம்புச் சோறு, சாக்லேட், திராட்சை எதுவும் வேண்டாம். புதுச்சேரி பேக்கரிகளில் பாசத்தோடு கேக் ஊட்டுகிறவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

கழிவை எங்கே கொட்டுவது?

நாயின் மலத்தை ஒவ்வொரு தடவையும் பையில் எடுத்து, குப்பைத் தொட்டி வருகிற வரைக்கும் வண்டியில் வையுங்கள். மூடியுள்ள வாளி ஒன்று போதும். வேனின் கழிப்பறைப் பெட்டியை செப்டிக் டேங்க் இணைப்புள்ள கழிப்பறையில் மட்டும் காலி செய்ய வேண்டும். இரவு தங்கும் விடுதியில் முன்பே பேசிவிடுங்கள். ஏரி, வாய்க்கால், சாலையோரம் எதுவும் அதற்கு இடமில்லை. ஒரு வண்டி செய்கிற அசிங்கத்தால் அடுத்து வருகிற பத்து வண்டிக்கு ஊர்க்காரர்கள் இடம் தர மாட்டார்கள்.

புதுச்சேரி எல்லையில் ஏதாவது சோதனை இருக்குமா?

நாய்க்காக யாரும் நிறுத்த மாட்டார்கள். மதுவுக்காக நிறுத்துவார்கள். புதுச்சேரியில் வாங்கிய பாட்டிலைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவந்தால் வழக்கு, வண்டியும் மாட்டும். அலமாரி, மெத்தைக்கு அடியில் இடம் எல்லாம் உள்ள கேரவனை போலீஸார் கூடுதலாகவே பார்ப்பார்கள். சோதனை நடக்கும்போது ஒருவர் நாயை இறக்கித் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்பது எல்லாருக்கும் நல்லது. பாகூர் பக்கம் புதுச்சேரியும் கடலூர் மாவட்டமும் பின்னிக் கிடப்பதால், தெரியாமலேயே பல தடவை எல்லை தாண்டியிருப்பீர்கள்.

நடுவில் மழை, புயல் வந்தால்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கரையில் வேன் முகாம் வேண்டாம் என்றே சொல்வேன். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூரையும் புதுச்சேரியையும் புரட்டிப்போட்டது, முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதற்குப் பிறகுதான், சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்து ஊர்களுக்குள் புகுந்தது. மழை விட்டுவிட்டது என்று ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். மஞ்சள் எச்சரிக்கை வந்தாலே தாழ்வான இடத்தை விட்டு மேட்டுக்குப் போய்விடுங்கள்.

மூன்று நாள்தான் இருக்கிறது. எப்படிச் சுற்றலாம்?

முதல் நாள் விடியற்காலை கழுவெளி, மரக்காணம். வெயில் ஏறுவதற்குள் ஆரோவில் பக்கம் வந்து தோட்டத்தில் நிறுத்தி ஓய்வு. மாலையில் ஊசுட்டேரியை முறை வைத்துப் பாருங்கள். இரண்டாம் நாள் காலை திருவக்கரை, மதியத்துக்கு மேல் கடலூர் வழியாகச் சிதம்பரம். புதுச்சேரியிலிருந்து கடலூர் 25 கி.மீ.க்குள்தான், அங்கிருந்து சிதம்பரம் 50 கி.மீ.க்குள். மூன்றாம் நாள் காலை பிச்சாவரம், மாலை வீராணம் கரையில் நாயோடு நடை. இதற்கு மேல் இடங்களைத் திணிக்காதீர்கள். நாய்க்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடக்க வேண்டும், அந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

வயதான நாயைக் கூட்டிவரலாமா?

வரலாம், டாக்டர் சரி என்றால். படியேற முடியாத நாய்க்கு ஒரு சாய்வுப் பலகை செய்துகொள்ளுங்கள், மேலே பழைய கோணிச் சாக்கை ஆணியடித்தால் கால் வழுக்காது. மூட்டுவலி மாத்திரையை இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்துவையுங்கள். முதல் இரவைச் சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே தங்கிப் பாருங்கள். அது சாப்பிட்டுத் தூங்கினால் மறுநாள் மேலே போகலாம். விடிய விடிய இரைத்துக்கொண்டு உலாத்தினால் வண்டியைத் திருப்பிவிடுங்கள்.